லேப் படிப்பில் மகளைச் சேர்க்கும் முன்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் நிர்வாகிகள் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



பிளஸ் டூ ரிசல்ட் வரும் மாதங்களில் நம் குழுக்களின் தீர்மான நோட்டைப் புரட்டினால், உள்கடனுக்குக் காரணம் என்ற இடத்தில் 'மகள் படிப்பு' என்றுதான் அதிகம் எழுதியிருக்கும். கறவை மாட்டுக்கும் பெட்டிக்கடைக்கும் கடன் எடுத்த நாம் இன்று மகளின் டிகிரிக்கு எடுக்கிறோம். எங்களுக்கு அதில் பெருமைதான். ஆனால் அந்தப் பணம் எந்தப் படிப்புக்கு, எந்தக் காலேஜுக்குப் போகுது என்று குழுவில் யாரும் கேட்பதில்லை. இன்றைக்கு அதைப் பேசலாம்.

"பொண்ணு பிசியாலஜி, பேத்தாலஜி படிக்கணும்னு சொல்லுது, அது என்னக்கா?" என்று பல பேர் கேட்கிறீர்கள். நாம் கர்ப்பமாக இருந்தபோது ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்து, "உனக்கு எட்டுதாம்மா இருக்கு, பதினொண்ணாவது இருக்கணும்" என்றார்களே, அந்த எட்டு எங்கிருந்து வந்தது? ஒருவர் லேபில் உட்கார்ந்து பார்த்துச் சொன்னது. உடம்பு எப்படி இயங்குகிறது என்பது பிசியாலஜி. நோய் வந்தால் ரத்தத்திலும் சதையிலும் என்ன மாறுகிறது என்பது பேத்தாலஜி. பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் இந்த இரண்டையும் கிருமியியல், ரத்த வங்கி வேலையோடு சேர்த்துப் படிக்க நம் மாநிலத்தில் நல்ல வழி, பி.எஸ்சி. மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம். எம்.எல்.டி. என்பார்கள். மூன்று வருடம் படிப்பு, ஒரு வருடம் ஆஸ்பத்திரியில் பயிற்சி.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். இதைப் படித்தால் டாக்டர் ஆக முடியாது. பேத்தாலஜி டாக்டர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து, மேலே எம்.டி. படித்தவர். "டாக்டருக்குச் சமம்" என்று யாராவது உங்கள் வாசலில் வந்து சொன்னால், அவர் அடுத்துச் சொல்வதையும் நம்ப வேண்டாம்.

பதினொன்றாம் வகுப்பில் பிள்ளை வைத்திருப்பவர்கள் இப்போதே கவனியுங்கள். இயற்பியல், வேதியியல், உயிரியல் உள்ள குரூப் எடுத்திருந்தால்தான் இந்தப் படிப்பு. காமர்ஸ் குரூப்பில் சேர்த்துவிட்டுப் பிறகு வருத்தப்பட்டுப் பயனில்லை.

அரசு மருத்துவக் கல்லூரி இடங்களை நிரப்புவது சென்னை கீழ்ப்பாக்கத்தில் உள்ள தேர்வுக்குழு. பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துக் கலந்தாய்வு நடக்கும். 2025 சேர்க்கை வரை எம்.எல்.டி.க்கு நம் மாநிலத்தில் நீட் கேட்கவில்லை. விதி மாறலாம், அந்தந்த வருட விளக்கக் குறிப்பேட்டைப் பாருங்கள். அரசு கல்லூரியில் படிப்புக் கட்டணம் வருடத்துக்குச் சில ஆயிரம்தான். தனியாரிலோ லட்சத்தைத் தொடுகிற இடங்களும் உண்டு. ஆனால் தனியார் கல்லூரிகளிலும் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் இருக்கின்றன, அவையும் இதே கலந்தாய்வில்தான் வருகின்றன. புரோக்கர் இதைச் சொல்லவே மாட்டார். கலந்தாய்வு முடியும்வரை நாம் காத்திருந்தால் அவருக்குக் கமிஷன் இல்லையே!

அவர் சொல்வது, "இன்னைக்கு அட்வான்ஸ் கட்டினா சீட்டு, சர்ட்டிபிகேட்டைக் கொடுத்துட்டுப் போங்க" என்பதுதான். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே அறிவித்துவிட்டது. காட்டுங்கள், நகல் கொடுங்கள், அசலைக் கையோடு கொண்டு வந்துவிடுங்கள்.

கட்டணம் குறைவாக இருந்தால் மட்டும் போதுமா? படிப்பு செல்லுபடியாக வேண்டும். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்பு அந்தக் கல்லூரிக்கு இருக்கிறதா, இந்தப் படிப்புக்கே இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கல்லூரியில் நர்சிங்குக்கு அனுமதி இருக்கும், எம்.எல்.டி.க்கு இருக்காது. இந்தத் துறைகளை முறைப்படுத்த 2021-ல் மத்திய அரசு தனிச் சட்டமே போட்டிருக்கிறது. அந்தச் சட்டத்துக்குள் வரும் படிப்புகளை அஞ்சல் வழியிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று 2025-ல் மானியக் குழு சொல்லிவிட்டது. ஆகவே "வீட்டிலிருந்தே லேப் டிகிரி" என்ற நோட்டீஸ் வந்தால் அடுப்புப் பற்ற வைக்க உதவும்.

அடுத்தது ஆஸ்பத்திரி. எங்கள் பார்வையில் இதுதான் எல்லாவற்றிலும் பெரியது. கட்டடம், ஏசி வகுப்பு, பஸ் இதையெல்லாம் பார்த்து மயங்காதீங்க. காலை ஒன்பது மணிக்கு அந்தக் கல்லூரியின் ஆஸ்பத்திரி லேபுக்குப் போய்ச் சும்மா நில்லுங்கள். ரத்தம் கொடுக்க வரிசை நிற்கிறதா? நூறு பேர் வரும் இடத்தில் பிள்ளைக்கு நூறு கை கிடைக்கும், நரம்பு தெரியாத கை, குழந்தை கை எல்லாம் பழகும். நோயாளியே இல்லாத இடத்தில் படம் பார்த்துத்தான் படிக்க வேண்டும். மூன்றாம் வருடப் பிள்ளைகள் இரண்டு பேரிடம் தனியாகக் கேளுங்கள்: "நீங்களே ரத்தம் எடுத்திருக்கீங்களா? சளியில டிபி கிருமியை மைக்ராஸ்கோப்புல பார்த்தீங்களா? சதையை மெழுகில் வைத்து மெல்லிசா சீவிப் பழகினீங்களா?" அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டால் அதுவே பதில். பயிற்சி வருடம் எந்த ஆஸ்பத்திரியில் என்பதையும் கேளுங்கள்.

இப்போது பணம். முதல் வருடக் கட்டணத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், நான்கு வருடத்துக்கும் கூட்டிப் பாருங்கள். விடுதி, சாப்பாடு, சீருடை, பரீட்சைக் கட்டணம், ஊருக்கு வந்துபோகிற பஸ் காசு எல்லாம் சேர வேண்டும். சிறு ஊர் லேப்களில் ஆரம்பச் சம்பளம் குறைவு என்பதையும் மனதில் வைத்து, எவ்வளவு கடன் தாங்கும் என்று பாருங்கள்.

நான்கு வருடக் கட்டணத்துக்குக் குழு உள்கடனை நம்ப வேண்டாம் என்பது எங்கள் கருத்து. ஒன்றரை ரூபாய் வட்டிக்கு ஐம்பதாயிரம் எடுத்தால் முதல் மாத வட்டியே 750 ரூபாய். அசலும் அடுத்த மாதமே தொடங்கிவிடும், பிள்ளை முதல் செமஸ்டரைக்கூட முடித்திருக்காது. வங்கிக் கல்விக்கடனில் படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத்தான் தவணை ஆரம்பம். வட்டி நடுவிலும் ஏறும், அதை மறக்க வேண்டாம். 4 லட்சம் வரை சொத்து அடமானம் தேவையில்லை, பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும். அங்கீகாரம் இல்லாத கல்லூரி என்றால் வங்கிக் கதவும் திறக்காது. தாழ்த்தப்பட்ட, பழங்குடிப் பிள்ளைகளுக்குக் குடும்ப வருமானம் வருடம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. இவற்றைக் கல்லூரி அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள்.

உள்கடன் வேண்டுமானால் விண்ணப்பக் கட்டணம், சென்னை போய்வரும் செலவு, முதல் மாத விடுதிச் செலவு இவற்றுக்கு எடுங்கள். சிறிய தொகை, சீக்கிரம் அடைத்துவிடலாம். வருமானச் சான்று, சாதிச் சான்று, இருப்பிடச் சான்று மூன்றையும் ரிசல்ட் வரும் முன்பே இ-சேவை மையத்தில் வாங்கி வையுங்கள். பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் இப்போதே திருத்துங்கள். ஊக்குநர்கள், உங்கள் குழுவில் இந்த வருடம் பிளஸ் டூ எழுதும் பெண்பிள்ளைகள் எத்தனை பேர் என்று அடுத்த கூட்டத்துக்குப் பட்டியல் கொண்டு வாருங்கள்.