பயிற்சிக்கு வந்த ஊர்

ஆசிரியத் தொழிலுக்கு இளைஞர்களை ஆயத்தஞ் செய்யும் பொருட்டு, இலங்கையில் 1980களின் நடுப்பகுதியில் தேசிய கல்வியியற் கல்லூரிகள் தோற்றுவிக்கப்பட்டன. அவற்றின் மூன்றாண்டுப் பாடநெறியில் முதல் இரண்டு ஆண்டுகள் கல்லூரி விடுதியிலே கழியும். மூன்றாம் ஆண்டில் மாணவன் ஒரு பாடசாலைக்கு அனுப்பப்படுவான். அவ்வாண்டுக்குக் கட்டுறு பயில்வு என்று பெயர். பிள்ளைகள் அவனைச் ‘சேர்’ என்று அழைப்பார்கள். அதிபரோ அவனையும் ஒரு பிள்ளையாகவே கருதுவார். பாடக்குறிப்பு எழுதுவது எவ்வாறு, கரும்பலகையைப் பயன்படுத்துவது எவ்வாறு, வகுப்பை அமைதியாக வைத்திருப்பது எவ்வாறு என்பவற்றுக்கெல்லாம் விதிகள் உண்டு, மேற்பார்வை உண்டு, புள்ளிகளும் உண்டு. ஆனால், பாடசாலை மணி அடித்தபின் அவன் காலெடுத்து வைக்கும் ஊர் இருக்கிறதே, அதற்குப் பாடத்திட்டம் இல்லை. அதை அவன் தானாகவே படிக்க வேண்டும்; படியாமலே ஓராண்டைக் கழித்துவிட்டுப் போகவும் வழியுண்டு.

வடமராட்சியிலே பிறந்து வளர்ந்த இளைஞன் ஒருவன், மட்டக்களப்பு மாவட்டத்தின் கல்குடாக் கல்வி வலயத்துக்கு இவ்வாறு வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 32 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது கல்குடா. கடல் நிலத்தினுள் வளைந்து புகுந்த இடத்தைக் குடா என்கிறோம். கல் நிறைந்த குடா கல்குடா. பாசி படர்ந்த குடா அயலிலுள்ள பாசிக்குடா. இரண்டும் அருகருகே இருந்தும் இயல்பால் வேறானவை. கல்குடாவில் அலை கரையை அறையும். பாசிக்குடாவிலோ இடுப்பளவு நீரிலே நெடுந்தூரம் நடந்து செல்லலாம். முருகைக்கல் தடுத்து நிற்பதால் நீர் குளம்போல் அடங்கிக் கிடக்கும். முன்பு அங்கே எழுந்த விடுதிகள் போரிலே பாழாயின. 2009 இல் போர் முடிந்தபின் புதிய விடுதிகள் வரிசையாக எழுந்தன.

வந்த இளைஞன் முதல் வாரத்தில் பார்ப்பது இந்தக் குடாவைத்தான். ஊருக்குக் கடிதம் எழுதினாலும், கைப்பேசியில் படம் அனுப்பினாலும், அதில் நீலக்கடலே நிறைந்திருக்கும். பார்க்கத்தக்க காட்சி என்பதில் ஐயமில்லை. எனினும் பருத்தித்துறைப் பக்கத்தவனுக்குக் கடல் புதிதன்று. அவனுக்குப் புதிதாயிருப்பது அவன் வாடகைக்குத் தங்கிய வீட்டு அம்மா பேசும் பேச்சு.

“என்ன மனே, இன்னும் சாப்பிடல்லயா?” என்று அந்த அம்மா கேட்கும்போது, ‘மனே’ என்னும் விளி அவன் செவியில் புதுமையாக விழுகிறது. மகனே என்பதன் குறுக்கம் அது. பெற்ற மகனுக்கும் அதுதான். வழியிலே தண்ணீர் கேட்டு நிற்கும் அயலூரானுக்கும் அதுதான். அவன் ‘பேந்து’ என்று சொல்லும் இடத்தில் அவர்கள் ‘மறுகா’ என்கிறார்கள். முதலில் அவன் உள்ளூரச் சிரிக்கிறான். மறுகால் என்னும் பழஞ்சொல்லின் தேய்வாகவே ‘மறுகா’வைக் கொள்ளலாம் என்று எண்ணிப் பார்க்கும்போது சிரிப்பு அடங்குகிறது. இலங்கைத் தமிழை ஆராய்ந்த செக் நாட்டு அறிஞர் கமில் சுவெலபில், தமிழின் பேச்சு வழக்குகளுள் மட்டக்களப்பு வழக்கே எழுத்துத் தமிழுக்கு மிக அணுக்கமானது என்னும் கருத்துடையவர். தங்கள் பேச்சே செம்மையானது என்று எண்ணி வளரும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு இச்செய்தியைச் சிறுவயதிலேயே சொல்லி வைப்பது நன்று.

ஆனால், சொல்லின் அருமை அவனுக்குப் புலப்பட்டது ஒரு கட்டுரைப் பயிற்சியிலே. ‘எமது ஊரின் வேளாண்மை’ என்னும் தலைப்பை ஆறாம் வகுப்புக்குக் கொடுத்திருந்தான். ஒரு சிறுவன், தன் ஊரிலே வேளாண்மை இல்லை என்றும், தோட்டமும் கடலுமே உண்டு என்றும், வேளாண்மைக் காலத்தில் தந்தை கூலிக்கு வட்டைக்குப் போவார் என்றும் எழுதியிருந்தான். நான்கே வரிகள். இளைஞன் சிவப்பு மையால், ‘தோட்டப் பயிரும் வேளாண்மையே, தலைப்பை விளங்கி எழுதுக’ என்று குறித்துவிட்டான். பாடநூலின்படி அவன் குறித்தது சரி. ஊரின்படி சிறுவன் எழுதியதே சரி. மட்டக்களப்பிலே வேளாண்மை என்றால் நெல். மிளகாயும் கத்தரியும் தோட்டம். வயற்பரப்புக்குப் பெயர் வட்டை. இந்த வேறுபாட்டை எந்தப் பயிற்சிக் கல்லூரியும் அவனுக்குச் சொல்லி அனுப்பியிருக்க முடியாது. வாகனேரிப் பக்கத்து வயல்களை நோக்கி ஒரு சனிக்கிழமை துவிச்சக்கர வண்டியிற் போனபோதுதான், வரம்பிலே நின்ற முதியவர் ஒருவரின் வாயிலிருந்து அது தெரியவந்தது.

தைப்பொங்கலை அடுத்த வாரங்கள் அங்கே அறுவடைக் காலம். இன்று அறுவடை இயந்திரங்கள் வந்துவிட்டன. ஆயினும் சூடு, களம், பொலி என்னும் சொற்கள் முதியோர் நாவில் அழியவில்லை. சூடு என்றால் அறுத்த கதிரைக் கட்டி அடுக்கிய குவியல். சூடு மிதிக்கும் களத்திலே வழக்கமான சில சொற்களைச் சொல்லலாகாது என்றும், அவற்றுக்கு ஈடாகக் களத்துக்கென்றே வேறு சொற்கள் வழங்கின என்றும் முதியோர் கூறுவர். களம் அவர்களுக்குக் கோயில் போன்றது. அந்த வைக்கோலுக்கும் ஒரு காலத்தில் பெருமை இருந்தது. 1950களில் வாழைச்சேனையில் நிறுவப்பட்ட காகித ஆலை வைக்கோலிலிருந்து காகிதம் செய்தது. அந்நாளிற் பிள்ளைகள் எழுதிய தாளில் இவ்வயல்களின் வைக்கோலும் கலந்திருக்கக்கூடும்.

வாரத்தில் ஒரு நாளேனும் அவன் நகரத்துக்குப் போகிறான். வாழைச்சேனையில் பேருந்து ஏறினால், கிரான், சித்தாண்டி, வந்தாறுமூலை, செங்கலடி, ஏறாவூர் என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். வந்தாறுமூலையிலே 1981 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கிப் பின்னர் வளர்ந்த கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. நகரின் நடுப்பகுதியான புளியந்தீவு உண்மையிலேயே தீவு. போர்த்துக்கேயர் 1628 இல் அங்கே கோட்டை கட்டினர். பத்தே ஆண்டுகளில், 1638 இல், ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றினர். பிற்காலத்தில் அக்கோட்டைக்குள்ளே கச்சேரி நெடுங்காலம் இயங்கியது. பீரங்கிக்காகக் கட்டிய மதில், காணி உறுதிக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் காத்து நின்ற மக்களுக்கு நிழல் கொடுத்தது. மெதடிஸ்த மத்திய கல்லூரி 1814 இலும், புனித மிக்கேல் கல்லூரி 1873 இலும் தோன்றியவை. ஆசிரியத் தொழிலுக்கு வந்தவன் பார்க்க வேண்டிய வாசல்கள் இவை.

கல்லடிப் பாலத்தைப் பாராமல் மட்டக்களப்பைப் பார்த்தேன் என்று எவரும் சொல்ல முடியாது. 1924 இல் தேசாதிபதியின் மனைவி மானிங் சீமாட்டியின் பெயரால் இரும்புப் பாலம் அமைந்தது. அதன் பக்கத்தில் புதிய பாலம் 2013 இல் திறக்கப்பட்டது. நிலாக் காலத்தில், காற்று அடங்கிய இரவிலே, பாலத்தருகே நீருக்குள்ளிருந்து இசை எழும் என்பது நெடுங்கால வழக்கு. மீன் பாடும் தேன் நாடு என்னும் பெயர் இதனால் வந்தது. 1848 இல் இங்கு வந்த எமர்சன் தெனன்ற் படகிலே சென்று அவ்வொலியைக் கேட்டு, தந்தியை மீட்டினாற்போன்ற மெல்லொலி என்ற கருத்துப்பட எழுதி வைத்தார். படகுக் கட்டையின் வழியாகக் கேட்டால் ஒலி தெளிவாகும் என்பதும் அவர் கண்டது. இதில் ஒரு நுட்பம் உண்டு. நகரின் சின்னம் மீன்; ஆனால் தெனன்றுக்கு அன்று மீனவர் சொன்ன பெயரோ ‘ஊரி’ என்பதாகும். ஊரி என்றால் சிப்பி, சங்கு வகை. பாடுவது மீனா, ஊரியா என்னும் வழக்கு இன்னும் தீரவில்லை. இளைஞன் இரண்டு முறை போய்க் காத்திருந்தும் வாகன இரைச்சலையே கேட்டான். மூன்றாம் முறை ஒரு மீனவர் அவனைத் தோணியில் ஏற்றி, துடுப்பின் ஒரு முனையை நீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைக்கச் சொன்னார். அவன் கேட்டது என்ன என்பதை அவனே சொல்லட்டும்.

இந்த வாவி வெறும் நீர்ப்பரப்பன்று. மக்களின் திசையறிவையே அது வகுத்துவிட்டது. சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை; மறையும் பக்கம் படுவான்கரை. நகரமும் நெடுஞ்சாலையும் பெரிய பாடசாலைகளும் எழுவான்கரையில். நெல்லும், கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீசுவரர் கோயிலும், வைகாசியிலே குளிர்த்தி பாடும் கண்ணகி கோயில்கள் பலவும் படுவான்கரையில். மண்முனையில் 2014 இல் பாலம் வரும்வரை, இக்கரையிலிருந்து அக்கரைக்குப் போகத் தோணியையும் மிதவையையும் நம்பியிருந்தார்கள். வடமோடி, தென்மோடிக் கூத்துகள் விடியவிடிய ஆடப்படும் ஊர்களும் அப்பக்கத்தில் மிகுதி. வி. சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ 1964 இல் வெளிவந்த நூல். இவற்றையெல்லாம் அறிய விரும்புவோர்க்கு இன்றும் அதுவே நல்ல வாயில். பயிற்சி மாணவர்களின் கையில் அந்நூலைக் கொடுத்து, ஊர்க்குறிப்பு ஒன்றையும் எழுதச் சொன்னால் கல்லூரிகளுக்குக் குற்றம் வந்துவிடாது.

புதிய ஊரிலே பயிற்சி பெறும் மாணவன் பாடநெறிக்கு வெளியே எதைப் பெறலாம் என்பதற்கு, இந்த மட்டக்களப்பு மண்ணிலே ஒரு சான்று இருக்கிறது. பயணத்தின் திசை மட்டும் வேறு. 1911 இல் காரைதீவைச் சேர்ந்த மயில்வாகனன் என்னும் இளைஞர், ஆசிரியப் பயிற்சிக்காகக் கொழும்புக்குப் போனார். 1892 இல் பிறந்தவர். புனித மிக்கேல் கல்லூரியிலே படித்து, அங்கேயே கற்பித்தவர். அரசினர் பயிற்சிக் கல்லூரி அவருக்குக் கொடுத்தது ஆங்கில ஆசிரியர் தராதரம். கொழும்பு நகரமோ அவருக்குத் தென்கோவைக் கந்தையா பிள்ளையையும் கைலாசபிள்ளையையும் கொடுத்தது. ஆங்கிலம் கற்பிக்கப் பயிலச் சென்றவர், மாலை நேரங்களில் அப்பெரியோரை அடுத்துத் தமிழிலக்கியம் பயின்றார். அடுத்த முறை அதே நகருக்குச் சென்றது 1915 இல், தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞானம் படிக்க. 1916 இல் விஞ்ஞானத்தில் தேர்ச்சி. அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பட்டம். இலங்கையிலிருந்து அப்பட்டத்தைப் பெற்ற முதல்வர் அவரே. பின்னாளில் அவர் சுவாமி விபுலாநந்தர் ஆனார். பழந்தமிழரின் யாழை இலக்கியத்தாலும் கணிதத்தாலும் ஆராய்ந்த ‘யாழ்நூல்’ 1947 இல் அரங்கேறியது. இலக்கியம் மட்டும் கற்றவரோ, விஞ்ஞானம் மட்டும் கற்றவரோ அந்நூலைச் செய்திருக்க இயலாது. வாவியின் நீரரமகளிர் இன்னிசையைப் பாடியவரும் அவரே. கல்லடி உப்போடையிலே, அவர் வளர்த்த சிவானந்த வித்தியாலயச் சூழலில் அவருடைய சமாதி இருக்கிறது. கல்லடிப் பாலத்தைக் கடந்த இளைஞன் சிறிது தூரம் நடந்தால் அங்கே போய்விடலாம்.

விபுலாநந்தர் பெற்றுக்கொண்டு திரும்பினார். கல்குடா வலயத்துக்கு வருபவனிடம் ஊர் எதையோ எதிர்பார்க்கிறது, வேறுபாடு இங்கேதான். இந்தக் கரை அடிபட்ட கரை. 1978 நவம்பரில் வீசிய சூறாவளி மாவட்டம் முழுவதையும் முறித்துப் போட்டது. அதன்பின் போர், இடப்பெயர்வு, 2004 டிசம்பர் 26 இல் கடற்கோள். வகுப்பிலே இருக்கும் பிள்ளைகள் பலர் இவற்றுக்குப் பின் பிறந்தவர்கள். ஆயினும் அவர்களுடைய வீடுகள் இவற்றுக்குள் இருந்து எழுந்தவை. தாய் மத்திய கிழக்கு நாடொன்றில் வீட்டுவேலைக்குப் போயிருக்க, அம்மம்மாவிடம் வளரும் பிள்ளைகள் உண்டு. வடக்கே வாகரைப் பக்கம் போனால், தமிழ் பேசும் கரையோர வேடர் வழிவந்த குடும்பங்களின் பிள்ளைகளையும் காணலாம். பெற்றோர் கூட்டத்துக்குக் கையெழுத்திட ஏன் எவரும் வரவில்லை என்று கோபித்துக்கொள்ளும் பயிற்சி ஆசிரியன், ஒரு மாலை அந்த வீட்டுக்கு நடந்து போனால் மறுநாள் அந்தக் கோபத்தைக் கொண்டுவர மாட்டான். பேருந்து குறைந்த ஊர்களுக்கு வரும் ஆசிரியர்கள், வந்த நாளிலிருந்தே இடமாற்றத்தை எண்ணத் தொடங்குவது மறைக்க முடியாத உண்மை. அவர்களைக் குறை கூறி என்ன பயன்? அவர்களுக்கும் வீடு உண்டு; பெற்றோர் உண்டு.

சிவப்பு மை பட்ட அந்தக் கட்டுரைக் கொப்பியை இளைஞன் திரும்ப வாங்கினான். தன் குறிப்பின் கீழே ‘வேளாண்மை: நெற்செய்கை, மட்டக்களப்பு வழக்கு’ என்று எழுதிப் புள்ளியைத் திருத்திக் கொடுத்தான். சிறுவன் அதைப் பெரிதாகக் கருதவில்லை. அவனுக்கு வேறு ஒரு கேள்வி இருந்தது.

“சேர், வாற வருசம் எங்களுக்கு ஆரு தமிழ் படிப்பிக்கிற?”

கட்டுறு பயில்வு முடிந்தபின் இறுதிப் பரீட்சை, பெறுபேறு, அதன்பின் நியமனம். எந்த மாவட்டம், எந்தப் பாடசாலை என்பது மாணவன் கையில் மட்டும் இல்லை. வலயக் கல்வி அலுவலகத்திலே பாடவாரியாக வெற்றிடப் பட்டியல் இருக்கிறது. நியமனத்துக்கான விருப்பத்தைக் கேட்கும் நாளில், தன் சொந்த மாவட்டத்தின் பெயருக்குக் கீழே கல்குடாவின் பெயரையும் அவன் எழுதினான்.