பாறைப் பிளவுகளும் பொதுச் செல்வமும்



கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும் பெருவீதியில், மாத்தளை நகருக்கு வடக்கே ஏறத்தாழ 3 கிலோமீற்றர் தொலைவில் அமைந்துள்ளது அலுவிகாரை. அங்கே மாபெரும் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கின்றன. அவற்றின் இடைவெளிகளே குகைகளாகவும் ஒடுங்கிய வழிகளாகவும் விளங்குகின்றன.

பாறைப் பிளவைக் கண்டதும் இளைஞர்க்குக் கையும் காலும் துடிப்பது இயல்பே. அகன்ற பிளவாயின் முதுகை ஒரு சுவரிலும் பாதங்களை மறு சுவரிலும் ஊன்றி, சிறிது சிறிதாக உந்தி ஏறுவர். ஒடுங்கிய வெடிப்பாயின் கையை உள்ளே நுழைத்துப் பெருவிரலை உள்ளங்கைப் பக்கம் மடக்குவர். அப்போது கை தடித்து ஆப்புப்போல் இறுகிவிடும். அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பாலைநிலத்தில் மணற்பாறை வெடிப்புகளில் இவ்வாறு ஏறுவோர் பலர். மழையில் நனைந்த மணற்கல் வலிவிழந்து உடையுமாதலின், அது உலரும்வரை அவர்கள் காத்திருப்பர். அங்குள்ள பொதுநிலங்களில் ஓரிடத்தில் 14 நாட்களுக்கு மேல் கூடாரமிட்டுத் தங்கலாகாது என்பது பொதுவிதி.

அலுவிகாரைப் பாறை மணற்கல் அன்று, உறுதிமிக்க வன்பாறை. ஆயினும் அதன்மேல் ஏறிப் பழகுதல் தகாது. ஏன்? கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபய மன்னன் காலத்தில், போராலும் பஞ்சத்தாலும் நாடு நலிவுற்றது. வாய்மொழியாகவே வழங்கிவந்த திரிபிடகம் ஓதுவாரின்றி அழிந்துவிடுமோ என அஞ்சிய பிக்குகள், இவ்விடத்திற் கூடி அதனை ஏட்டில் எழுதினர் என்பது மரபு. குகைவாயிலின் நெற்றியில் வெட்டப்பட்ட நீர்வடி விளிம்பு, மழைநீர் உள்ளே வழியாது தடுத்தது. அத்தகைய விளிம்பொன்றைக் கால் மிதித்துச் சிதைத்தால் மீண்டும் ஆக்குவது எளிதன்று.

இயற்கை விட்டுவைத்ததை மனிதர் அழித்ததும் உண்டு. 1848ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சியை ஆங்கிலேயர் அடக்கியபோது இங்கிருந்த ஏட்டுச்சாலை அழிந்தது. பின்னர் ஏடுகளைத் திரும்ப எழுதும் பணிக்கு நெடுங்காலம் வேண்டியதாயிற்று.

எனவே இங்கு வருவோர் காலணியைக் கழற்றி, அமைக்கப்பட்ட படிகளிலேயே ஏறுதல் வேண்டும். பாறையிற் பெயர் கீறுதல் பெருந்தவறு. பழஞ்சின்னங்களைச் சிதைத்தல் 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி குற்றமுமாகும்.

மலையேற விரும்புவோர்க்கு மாத்தளைக்குக் கிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடர் இருக்கின்றது. அங்கும் வனத் திணைக்களத்தின் அனுமதி பெற்றே கூடாரமிடல் வேண்டும். கோடையிற் காய்ந்த புல்வெளியில் ஒரு சிறு பொறி விழுந்தாலும் மலைச்சரிவே எரிந்துவிடும். கொண்டுசென்ற குப்பையைத் திரும்பக் கொண்டுவருதலும் கடமையே.

பாறையும் காடும் ஒருவர்க்கு மட்டும் உரியன அல்ல. நாளை வரும் சிறுவனும் அவற்றை இன்றிருப்பதுபோலவே காணல் வேண்டும். இவ்விதிகளின் நோக்கமும் அதுவே.