ஆண்டை சர்வரும் அடிமை சர்வரும்



நான் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் டேட்டாபேஸ் பராமரிக்கிறேன். அந்த வேலையில் கற்றுக்கொண்ட ஒன்றை இங்கே பேசலாம் என்று நினைக்கிறேன்.

லட்சக்கணக்கானோர் பயன்படுத்தும் செயலியின் தரவுகளை ஒரே கணினியில் வைத்தால், அது நின்றதும் எல்லாம் நின்றுவிடும். அதனால் பல கணினிகளில் நகல் வைப்போம். புதிதாக எழுதும் உரிமை ஒரு கணினிக்கு மட்டும் உண்டு. மற்றவை அது எழுதியதை நகலெடுக்கும். நான் வேலைக்குச் சேர்ந்தபோது முதலாவதுக்கு மாஸ்டர் என்று பெயர், மற்றவற்றுக்கு ஸ்லேவ். அதாவது ஆண்டை, அடிமை. 'ஸ்டார்ட் ஸ்லேவ்' என்றே கட்டளையைத் தட்டச்சு செய்வோம்.

2014இல் ஜாங்கோ இந்தச் சொற்களைக் கைவிட்டது. 2020இல் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்ட பிறகு, மைஎஸ்கியூஎல் 'சோர்ஸ்', 'ரெப்ளிகா' என்று மாற்றிக்கொண்டது. எங்கள் குழுவில் இது பேச்சுக்கு வந்தபோது, "வெறும் சொல்தானே, இதில் என்ன இருக்கிறது?" என்று மூத்தவர் ஒருவர் சிரித்தார். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் "ஊர்ல எந்தத் தெரு?" என்று கேட்டவரும் அவர்தான். என் முகவரியில் 'காலனி' இருந்தது. நான் அன்று வாய் திறக்கவில்லை.

சொல்லை மாற்றத்தான் வேண்டும். 2025 ஏப்ரலில், அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என்று முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தபோது என் அம்மா அழுதார். ஆனால் மைஎஸ்கியூஎல்லில் பெயர் மாறிய பிறகும் எழுதும் உரிமை அதே ஒரு கணினியிடம்தான் இருந்தது.

அமைப்பையே வேறு விதமாகக் கட்டவும் முடியும். ராஃப்ட் என்றொரு வழிமுறை இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டில் டியாகோ ஓங்காரோவும் ஜான் ஆஸ்டர்ஹவுட்டும் உருவாக்கி 2014இல் வெளியிட்டது. இதில் எந்தக் கணினியும் பிறப்பால் தலைவர் இல்லை. ஐந்து கணினிகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கு. மூன்று வாக்கு பெற்றதே தலைவர். தலைவர் எழுதினால் மட்டும் போதாது, பெரும்பான்மைக் கணினிகள் பதிவு செய்த பிறகே அது உறுதியாகும். தலைவரிடமிருந்து தொடர்பு அறுந்தால் மறுதேர்தல், புதிய தவணை. பழைய தலைவர் திரும்பி வந்தாலும், புதிய தவணை எண்ணைப் பார்த்ததும் தானே விலகிக்கொள்ளும்.

இதைப் படித்தபோது எனக்கு மேலவளவு நினைவுக்கு வந்தது. தனித் தொகுதியாக்கப்பட்ட அந்த ஊராட்சியில் முருகேசன் தேர்தலில் வென்றுதான் தலைவரானார். புதிய தவணை தொடங்கியது. பழைய ஆண்டைகள் விலகவில்லை. 1997 ஜூன் 30 அன்று அவரையும் அவரோடு ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். கணினிக்கு விதியை எழுதிவிட்டால் அது கீழ்ப்படியும். சாதி அப்படிக் கீழ்ப்படியாது. சட்டம் இருந்தும், அதைக் காக்க நாம் திரண்டு நிற்க வேண்டியிருக்கிறது.

இந்தத் துறைக்கு வரும் இளம் தோழர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் குழுவில் நள்ளிரவில் சர்வர் விழுந்தால் யாரை எழுப்புகிறார்கள், சர்வரை எப்படிக் கட்டுவது என்று பகலில் முடிவெடுப்பது யார் என்று கவனியுங்கள். வருடா வருடம் அதே முகங்கள்தான் என்றால், ஏன் என்று கேளுங்கள். "வெறும் சொல்தானே" என்று யாராவது சிரித்தால், என்னைப் போல வாய்மூடி இருக்காதீர்கள்.