கடலை அளக்கும் செலவு

(ஊராட்சி உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



பாலம் கட்டினால் கண்ணுக்குத் தெரிகிறது. கிணறு வெட்டினால் தண்ணீர் கிடைக்கிறது. ஆண்டுதோறும் நீரைச் சோதித்து ஏட்டில் எழுதி வைப்பதற்கும் பொதுப்பணத்தைச் செலவிட வேண்டுமா என்னும் கேள்வி நம்மிடையே எழுவதுண்டு. இதற்கு விடை காண அமெரிக்க நாட்டின் அனுபவம் ஒன்றை நாம் ஆராய்வோம்.

அந்நாட்டின் மிசிசிப்பி ஆறு, 31 மாநிலங்களிலிருந்து வடியும் நீரைத் திரட்டிக்கொண்டு, லூசியானா மாநிலத்தில் மெக்சிகோ வளைகுடாவை அடைகிறது. மக்காச்சோள வயல்களில் பயிர் உண்டது போக மிஞ்சிய தழைச்சத்தும் மணிச்சத்தும், நகரக் கழிவுநீரும் அவ்வெள்ளத்தோடு கடலில் சேருகின்றன. வயலில் பயிரை வளர்க்கும் உரம் கடலில் பாசியை வளர்க்கிறது. பாசி மடிந்து அடியில் படிகிறது. அதனை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் நீரில் கரைந்துள்ள பிராணவாயுவைச் செலவழித்து விடுகின்றன. ஆற்றுநீர் உப்புநீரைவிட இலேசானதால் மேலே மிதந்து நிற்கிறது. ஆகவே காற்றிலுள்ள பிராணவாயு அடிநீரை எட்டுவதில்லை. லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் குறைந்தால் மீனும் இறாலும் அவ்விடத்தை விட்டு அகலுகின்றன. அகல இயலாத சிற்றுயிர்கள் மடிகின்றன.

இவை யாவும் கடலடியில் நிகழ்வன. மேலிருந்து நோக்குவோருக்குப் புலப்படா. வலையை வெறுமையாக இழுக்கும் மீனவருக்குக் காரணம் தெரியாது. ஆயிரம் மைலுக்கு அப்பால் உரமிடும் உழவருக்கோ விளைவு தெரியாது. தனி ஒருவர் இதனை அளக்கக் கைப்பணம் செலவிடுவார் என எதிர்பார்க்க இயலுமா? ஆகவேதான் இது அரசின் கடமையாகிறது.

1985 முதல் நான்சி ராபலே என்னும் அம்மையாரும் அவர்தம் குழுவினரும் கோடைதோறும் கப்பலில் சென்று, குறித்த இடங்களில் கருவியை இறக்கி அடிநீரின் பிராணவாயுவை அளந்து வந்தனர். அப்பணி இன்றும் தொடர்கிறது. அந்நாட்டு மத்திய அரசின் கடல், வளிமண்டல நிர்வாகம் அதற்குப் பொருளுதவி செய்கிறது. 1998-இல் இத்தகைய ஆய்வுக்கெனச் சட்டமும் இயற்றப்பட்டது.

ஓராண்டு அளந்தால் போதாதா எனச் சிலர் கேட்கலாம். 2017-இல் இக்குறைவு ஏறத்தாழ 22,700 சதுர கிலோமீட்டர் பரவியிருந்தது. 2020-இல் அளவு ஏறத்தாழ 5,500 தான். உரம் குறைந்துவிட்டதாக மகிழலாமா? இல்லை. அளக்கும் தறுவாயில் வீசிய புயல் நீரைக் கலக்கிவிட்டது. 2016-இல் கப்பல் கிடைக்காமையால் அளவெடுப்பே நடைபெறவில்லை. ஏட்டில் அவ்வாண்டு வெற்றிடமாகவே நிற்கிறது. ஐந்தாண்டுச் சராசரியை 5,000 சதுர கிலோமீட்டருக்குள் கொணர்வதென அங்கு இலக்கு வகுத்துள்ளனர். முதலில் 2015 எனக் குறித்த கெடு, பின்னர் 2035-க்குத் தள்ளிவைக்கப்பட்டது. இலக்கு கைகூடவில்லை என்று அறிவதற்கே இடையறாத அளவெடுப்பு இன்றியமையாததாயிற்று.

உழவர்களுக்கு இதில் என்ன நன்மை என்று நீங்கள் வினவுவது நியாயமே. அளவு இல்லையேல், கடல் கெட்டதற்கு உழவரே காரணம் என்று எவரும் பழி சுமத்தலாம். அன்றி, உழவருக்குப் பங்கே இல்லை என்றும் சாதிக்கலாம். எந்த ஆற்றிலிருந்து எவ்வளவு தழைச்சத்து வந்தது, வயலின் பங்கு எவ்வளவு, நகரச் சாக்கடையின் பங்கு எவ்வளவு என்பதை ஆற்றிலும் கடலிலும் எடுத்த அளவுகளே நடுநிலையோடு உரைக்கும். மேலும், கடலுக்குப் போன உரம் உழவர் காசு கொடுத்து வாங்கிய உரம் அல்லவா? மண்ணைப் பரிசோதித்து, வேண்டிய அளவை, வேண்டிய பருவத்தில், தவணைகளாகப் பிரித்து இடுவது கடலுக்கும் நலம், கைப்பொருளுக்கும் நலம்.

நமது நாட்டிலும் 1990-களின் தொடக்கத்திலிருந்து மத்திய அரசு கடலோர நீரின் தன்மையை, அதிலுள்ள பிராணவாயு உட்பட, அளக்கும் திட்டத்தை நடத்தி வந்துள்ளது. அத்தகைய பணிகளுக்கான செலவைக் கண்ணுறும்போது, பலன் தெரியாத செலவென்று நாம் ஒதுக்கலாகாது. நமது ஊராட்சியில் குடிநீரைச் சோதிக்கும் செலவும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. தீர்மானம் வரும்போது அதனை நிறைவேற்றுவதோடு நில்லாது, சோதனை முடிவுகளை ஆண்டுதோறும் கிராம சபையில் படிக்கச் செய்வோமாக!