பிறர் மண்ணில் நம் குரல்



ஒரு நாட்டின் சட்டத்தையும் வாழ்வையும் தம் நலனுக்கேற்ப வளைக்க வெளிநாட்டார் முயல்வது உலகெங்கும் காணப்படுவதே. அவ்வாறு முயல்வோர் எப்போதும் பிறரே என்று நாம் எண்ணுகிறோம். ஆனால் தமிழரே அந்நிலையில் இருந்த காலமும் உண்டு. கானாடுகாத்தான் மாளிகைகளில் நிற்கும் பர்மாத் தேக்குத் தூண்கள் அதற்குச் சான்று.

1869-இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டபின் பர்மா அரிசிக்கு ஐரோப்பாவில் கிராக்கி மிகுந்தது. ஐராவதியின் கழிமுகக் காடுகளைத் திருத்தி வயலாக்க, உழவனுக்குப் பணம் வேண்டியிருந்தது. ஆங்கிலேய வங்கிகள் அவனை நாடவில்லை, நகரத்தார் நாடினர். 1930 வாக்கில் அவர்கள் அங்கு இட்டிருந்த முதல் சுமார் 75 கோடி ரூபாய் என மதிப்பிடப்பட்டது.

அப்போது நெல்விலை சரிந்தது. கடன் திரும்பவில்லை, ஈடு வைத்த நிலமே வந்து சேர்ந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில், 1930-இல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த நகரத்தார் நிலம் சில ஆண்டுகளில் 25 பங்காயிற்று. அவர்கள் நிலத்தை விரும்பிக் கடன் கொடுத்தவர் அல்லர். ஆயினும், நிலம் இழந்த உழவனுக்கு அதனால் என்ன ஆறுதல்?

1937-இல் பர்மா இந்தியாவினின்று பிரிந்தது. பிரிட்டிஷார் வகுத்த அமைப்பில், 132 உறுப்பினர் கொண்ட கீழ்ச்சபையில் வணிகத்துக்கு 11 இடங்கள். அவற்றுள் ஒன்று நாட்டுக்கோட்டை நகரத்தார் சங்கத்துக்கு உரியது. அது மறைவில் தேடிய செல்வாக்கு அன்று. சட்டமே அளித்த இடம். எனினும் அது பர்மிய மக்கள் மனமுவந்து அளித்தது அன்று. 1941-இல் நிலக் கொள்முதல் சட்டமும், விடுதலை பெற்ற 1948-இல் நில தேசியமயச் சட்டமும் வந்தன. டில்லிக்குச் சென்ற முறையீடுகள் அதனைத் தடுக்கவில்லை. 1962-க்குப் பின் இராணுவ ஆட்சி வங்கிகளையும் கடைகளையும் நாட்டுடைமையாக்கவே, பெருந்திரளான இந்தியர் தாயகம் திரும்பினர். ஒருவருக்கும் வட்டிக்குக் கொடுத்தறியாத கூலித் தொழிலாளரும் அவர்களுள் இருந்தனர்.

சட்டசபை இடம் போயிற்று; கடனும் நிலமும் போயின. ஆனால் பர்மாவினின்று வந்த கவுனி அரிசி செட்டிநாட்டு விருந்தில் இன்றும் இனிக்கிறது. அதனை எவரும் நம்மீது சுமத்தவில்லை. நாமே விரும்பி ஏற்றோம்.

இன்று அயல்நாட்டு நிறுவனமொன்று நம் சட்டமன்றத்தாரை அணுகுகிறது என்று கேட்டால் நாம் கொதிக்கிறோம். கொதிப்பதற்கு முன் பர்மிய உழவனையும் ஒருகணம் நினைத்தல் வேண்டும். அணுகுவோர் யார், யாருக்காகப் பேசுகின்றனர், அதனால் நிலமும் பிழைப்பும் இழப்பவர் யார் என்று வினவுங்கள். நம்மவர் அயல்நாட்டில் பேசும்போதும் அதே வினாக்களைக் கேட்பதே நேர்மையாகும்.