குச்சிப் பாலமும் கூர்ந்த பார்வையும்



கோடைக்காலத்தில் நீங்கள் விரும்பிச் சுவைக்கும் குச்சி ஐஸ் உங்களுக்குத் தெரியும். இன்று நான் பேச எடுத்துக்கொண்டது அந்த ஐஸைப் பற்றியன்று. அது கரைந்து போன பிறகு கையில் எஞ்சி நிற்கும் குச்சியைப் பற்றியே. அத்தகைய குச்சிகளை ஒட்டிப் பாலம் சமைத்து, அதன்மேல் பாரம் ஏற்றி, அது முறியும் வரை சோதித்துப் பார்க்கும் செயல்முறைப் பயிற்சி பல நாட்டுப் பள்ளிகளில் நடைபெறுகிறது. நானும் பணியில் இருந்த காலத்தில் ஒன்பதாம் வகுப்பு மாணவரைக் கொண்டு பல ஆண்டுகள் இதனை நடத்தி வந்தேன். விளையாட்டைப் போலத் தோன்றும் இப்பயிற்சி மனித உயிரைக் காக்கும் ஓர் அறிவுக்கு வித்தாகும் என்பது என் துணிபு.

இதற்காக நூறு ஐஸ் தின்ன வேண்டியதில்லை. எழுதுபொருட் கடைகளில் இக்குச்சிகள் கட்டுக் கட்டாகக் கிடைக்கின்றன. தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசை சிறிதும், ஒட்டிய இடத்தை இறுக்கிப் பிடிக்கத் துணி மாட்டும் கிளிப்புகள் சிலவும் இருந்தால் போதும். ஒட்டியபின் ஒரு நாள் முழுவதும் உலர விடவேண்டும். அவசரக்காரன் கட்டிய பாலம் அவன் கண்முன்னே பிரிந்து விழும்.

பாலத்தைத் தொடங்குமுன் ஒற்றைக் குச்சியோடு சிறிது நேரம் பழகுங்கள். அது ஏறத்தாழ 11 சென்டிமீட்டர் நீளமும், 1 சென்டிமீட்டர் அகலமும், 2 மில்லிமீட்டர் கனமும் உடையது. இரு புத்தகங்களின்மேல் அதைத் தட்டையாகக் கிடத்தி நடுவில் விரலால் அழுத்தினால் எளிதில் வளையும். அதே குச்சியை விளிம்பின்மேல் நிறுத்தி அழுத்துங்கள்; அசையாது. மரமும் ஒன்றே, எடையும் ஒன்றே; ஆயினும் நிறுத்திய குச்சியின் விறைப்பு கிடத்திய குச்சியினுடையதைப் போல் 25 மடங்கு. உயரம் 5 மடங்கானால் விறைப்பு 125 மடங்காகும். அகலம் ஐந்தில் ஒன்றாகக் குறைந்துவிட்டதால் 25 எஞ்சுகிறது. நம் ஊர்த் தச்சர்கள் உத்தரத்தின் அகன்ற பக்கத்தை ஏன் செங்குத்தாக வைக்கிறார்கள் என்பது இப்போது விளங்குமன்றோ?

அடுத்து, நான்கு குச்சிகளின் முனைகளில் துளையிட்டு ஆணி கோத்துச் சதுரம் ஒன்று செய்யுங்கள். ஒரு மூலையைத் தள்ளினால் அது சாய்ந்துவிடும். மூன்று குச்சிகளால் முக்கோணம் செய்யுங்கள். எப்படித் தள்ளினாலும் அதன் வடிவம் மாறாது. மாறவேண்டுமானால் ஏதேனும் ஒரு குச்சி நீளவோ, குறுகவோ, முறியவோ வேண்டும். பாம்பனில் 1914-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பழைய ரயில் பாலத்தின் தூக்குப் பகுதியைப் படத்திலேனும் கண்டிருப்பீர்கள். அதன் எஃகுச் சட்டங்கள் முக்கோணம் முக்கோணமாகப் பின்னப்பட்டிருப்பதற்குக் காரணம் இதுவே.

மூன்றாவது பாடம் இன்னும் நுட்பமானது. ரப்பர் அழிப்பான் ஒன்றைக் கீழ்நோக்கித் தொய்வதுபோல் வளைத்துப் பாருங்கள். மேற்புறம் நெருங்கிச் சுருங்கும். அடிப்புறம் விரிந்து நீளும். இரு கரைகளில் தாங்கி நிற்கும் பாலமும் அப்படியே. அதன் மேல் வரிசைக் குச்சிகள் அமுக்கப்படுகின்றன. கீழ் வரிசைக் குச்சிகள் இழுக்கப்படுகின்றன. குச்சியை இழுத்து அறுப்பது அரிது. ஆனால் இரு முனைகளையும் உள்நோக்கி அமுக்கினால் அது பக்கவாட்டில் நெளிந்து ஒடிந்துவிடும். இதன் கணக்கை 1744-ஆம் ஆண்டிலேயே ஆய்லர் என்ற கணித மேதை வெளியிட்டார். நெளியக்கூடிய நீளத்தைப் பாதியாக்கினால், நெளியாமல் தாங்கும் பாரம் நான்கு மடங்காகும் என்பது அதன் சாரம். நீண்ட குச்சியின் நடுவே ஒரு சிறு குறுக்குக் குச்சியை ஒட்டிப் பிடித்துக்கொள்வதால் விளையும் பயன் எவ்வளவு பெரிது பாருங்கள்!

இனிச் சோதனைக்கு வருவோம். இரு மேசைகளுக்கு இடையே 40 சென்டிமீட்டர் இடைவெளி விட்டுப் பாலத்தை வையுங்கள். நடுவில் கயிறு கட்டி வாளி ஒன்றைத் தொங்கவிடுங்கள். வாளி தரைக்கு ஒரு சாண் உயரத்திற்குமேல் இருத்தலாகாது. அதனடியில் எவர் காலும் இருத்தலாகாது. ஒரு கிலோ மணல் கொண்ட பொட்டலங்களை ஒவ்வொன்றாக வாளியில் வையுங்கள். மயிலிறகேயானாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்றார் வள்ளுவர். அந்த அளவு எது என்று கண்டறிவதே நம் வேலை. 200 கிராம் எடையுள்ள பாலம் 30 கிலோவைத் தாங்கினால், அது தன் எடையைப்போல் 150 மடங்கைத் தாங்கியது எனக் குறித்துக்கொள்ளலாம். பாலங்களை ஒப்பிட இம்மடங்கே சரியான அளவு. குச்சிகளை அளவின்றிக் குவித்துக் கட்டுவதில் திறமை ஒன்றுமில்லை.

பெரும்பாலான பள்ளிகளில் இவ்விடத்தோடு காரியம் முடிந்துவிடுகிறது. மிகுந்த பாரம் தாங்கிய குழுவுக்குப் பரிசு, கைதட்டல், மணி அடித்ததும் முறிந்த குச்சிகள் குப்பைக்கூடைக்குச் சென்றுவிடும். என் கருத்தில் பாடம் தொடங்கவேண்டிய இடமே அதுதான்.

என் வகுப்பில் ஒரு மாணவியின் குழு கட்டிய பாலம் 18 கிலோவில் முறிந்தது. மற்றொரு குழுவின் பாலம் 31 கிலோ தாங்கிப் பரிசு பெற்றது. பரிசு பெற்றவர்களை நோக்கி, "உங்கள் பாலம் ஏன் இவ்வளவு தாங்கிற்று?" என்று வினவினேன். ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்களேயன்றி விடை கூறவில்லை. அந்த மாணவியோ தன் குறிப்பேட்டைக் கொண்டுவந்து காட்டினாள். "15-ஆவது கிலோ: மேல் வரிசையில் இடமிருந்து மூன்றாம் குச்சி வெளிப்புறம் வளைகிறது. 18-ஆவது கிலோ: அங்கேயே முறிந்தது" என்று அதில் எழுதியிருந்தது. முறிவதற்கு மூன்று கிலோ முன்பாகவே முறியும் இடத்தை அவள் கண்டிருந்தாள். அடுத்த வாரம் அக்குழுவினர் அதே அமைப்பில் மீண்டும் ஒரு பாலம் கட்டினர். மேல் வரிசையில் நான்கு சிறு குறுக்குக் குச்சிகளை மட்டும் கூடுதலாக ஒட்டினர். அது 27 கிலோ தாங்கியது. இம்முறை விட்டுக்கொடுத்தது குச்சியன்று, மூட்டு. "ஐயா, இனி மூட்டைத்தான் கவனிக்க வேண்டும்" என்றாள் அவள். பரிசு எவருக்குச் சென்றதாயினும் கல்வி எவரிடம் சென்று சேர்ந்தது என்பதை நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

முறிந்த குச்சி பேசும். கேட்கத் தெரிய வேண்டும். நார்கள் சிலும்பி நீண்டு அறுந்திருந்தால் அது இழுக்கப்பட்டு அறுந்தது. பக்கவாட்டில் மடிந்து ஒடிந்திருந்தால் அமுக்கப்பட்டு நெளிந்தது. மூட்டு பிரிந்திருக்குமானால் பசையை உற்று நோக்குங்கள். மரநார் பசையோடு பெயர்ந்து வந்திருந்தால் ஒட்டு நன்று. பசை பளபளவென்று தனியே நின்றால் ஒட்டு சரியாகப் பிடிக்கவில்லை. மருத்துவர் நாடி பார்ப்பதுபோல் இவற்றைப் பார்க்கப் பழக வேண்டும்.

அறிஞர் பெருமக்களும் இவ்வாறே கற்றனர். இங்கிலாந்து நாட்டுப் பொறியாளர் ராபர்ட் ஸ்டீபன்சன், வேல்ஸ் நாட்டின் மெனாய் நீரிணைக்குக் குறுக்கே ரயில் செல்ல இரும்புக் குழாய் வடிவில் ஒரு பாலம் கட்ட எண்ணினார். அதன் பெரிய கண் ஒவ்வொன்றும் 460 அடி நீளம். அத்தகைய பாலத்தை அதுவரை உலகம் கண்டதில்லை. எனவே வில்லியம் ஃபேர்பேர்ன், ஈட்டன் ஹாட்ஜ்கின்சன் என்னும் இருவர் துணையுடன் 1845-இல் சோதனைகள் தொடங்கின. மெல்லிய தகட்டுக் குழாய்களில் பாரம் ஏற்றியபோது, அடிப்புறம் அறுவதற்கு முன்பே மேற்புறத் தகடு நெளிந்து சுருங்கக் கண்டனர். ஆகவே மேற்புறத்தை அறை அறையாகப் பகுத்து வலுவூட்டினர். பின்னர் 75 அடி நீளத்தில், ஆறில் ஒரு பங்கு அளவில் பெரிய மாதிரி ஒன்றைச் செய்து, முறியும் வரை பாரம் ஏற்றினர். முறிந்த இடத்தைச் செப்பனிட்டு வலுப்படுத்தி மறுபடியும் முறித்தனர். முதலில் சுமார் 35 டன்னில் விட்டுக்கொடுத்த மாதிரி இறுதியில் 86 டன் வரை தாங்கியது. 1850-இல் திறக்கப்பட்ட பிரிட்டானியா பாலம், 1970-இல் தீ விபத்தில் சிதையும் வரை 120 ஆண்டுகள் ரயில்களைச் சுமந்தது. ஆளில்லாத இடத்தில் மாதிரியைப் பலமுறை முறித்ததனால், ஆளேறிய பாலம் முறியாமல் நின்றது.

இதற்கு மாறான ஒரு நிகழ்ச்சியையும் சொல்லியாக வேண்டும். கனடா நாட்டில் செயின்ட் லாரன்ஸ் ஆற்றின்மேல், 1,800 அடி நீளக் கண்ணோடு கியூபெக் பாலம் எழுந்துகொண்டிருந்தது. முதலில் 1,600 அடியாக இருந்த கண்ணின் நீளத்தைப் பின்னர் கூட்டினார்கள். ஆயினும் பாலத்தின் சொந்த எடையை உரிய காலத்தில் திருத்திக் கணக்கிடவில்லை. 1907-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், தூணருகே அமுக்கப்பட்டிருந்த கீழ்ச்சட்டங்கள் சில வளைந்திருப்பதைப் பணியிடத்தார் கண்டனர். வளைவு நாளுக்கு நாள் மிகுந்தது. பொருத்துவதற்கு முன்பே அவை வளைந்திருந்தன என்று வாதிட்டவரும் உண்டு. ஆலோசகரைக் காணப் பொறியாளர் ஒருவர் நியூயார்க்குக்குப் பயணமானார். மேலும் பாரம் ஏற்றவேண்டாம் என்ற தந்தி வேறோர் ஊரிலிருந்த அலுவலகத்திற்குச் சென்றது. பாலத்தில் வேலை நிற்கவில்லை. ஆகஸ்டு 29 மாலை, அன்றைய பணி முடியும் தறுவாயில் பாலம் சரிந்தது. அதன்மேல் இருந்த 86 பேரில் 75 பேர் மாண்டனர். விசாரணை ஆணையம் அந்தக் கீழ்ச்சட்டங்களின் வலுக்குறைவையே காரணமாகக் கண்டது. வளைவைக் கண்டார்கள், அளந்தும் எழுதினார்கள். ஆனால் வேலையை நிறுத்தும் உறுதி எவருக்கும் உரிய நேரத்தில் வாய்க்கவில்லை.

இளைஞர்களே, 15-ஆவது கிலோவில் ஒரு மாணவி எழுதி வைத்த குறிப்பும், கியூபெக்கில் காணப்பட்ட வளைவும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. பாலம் பெரும்பாலும் முன்னறிவிப்பு இன்றி முறிவதில்லை. வளைகிறது, கிறீச்சிடுகிறது, மூட்டில் கீறல் காட்டுகிறது. அதைக் கண்டு, "நிறுத்துங்கள், இங்கே வளைகிறது" என்று உரக்கச் சொல்லும் பழக்கம் திடீரென்று ஒருவனுக்கு வந்துவிடாது. பள்ளி மேசையில், இரண்டு ரூபாய் பெறாத குச்சியிடத்தில் அதைப் பயிலவேண்டும்.

ஆதலால் உங்களுக்கு நான் வைக்கும் வேண்டுகோள் இரண்டே. பாலத்தைச் சோதிக்கும்போது வாளியையே நோக்கிக்கொண்டிராமல், ஒருவர் கண்ணும் ஒரு குறிப்பேடும் குச்சிகளின்மேல் இருக்கட்டும். முதற்பாலம் முறிந்தபின் அதன் துண்டுகளைத் தூக்கி எறியாமல், அவற்றை மேசைமேல் பரப்பி வைத்துக்கொண்டு இரண்டாம் பாலத்தைக் கட்டுங்கள். பரிசு கொடுக்கும் ஆசிரியப் பெருமக்களும் அந்த இரண்டாம் பாலத்திற்கே கொடுப்பார்களாக. நாளை உங்களுள் ஒருவர் மெய்யான பாலத்தின் கீழே நின்று அண்ணாந்து பார்க்கும் பொறுப்பை ஏற்கக்கூடும். அன்று உங்களை நம்பி அதன்மேல் செல்பவர்கள் உங்கள் பெயரை அறியமாட்டார்கள். அக்கரை சேர்ந்து தத்தம் வீடு போய்ச் சேர்வார்கள். அதுவே உங்களுக்குப் பரிசு.