இறங்கும் வழி

பாறையேற்றம் என்றதும் பனிமலையை நினைப்பது நம்மவர் வழக்கம். நேயர்களே, இன்று நான் கூற வந்தது பனிக்குத் தொடர்பே இல்லாத ஓர் இடத்தைப் பற்றியதாகும். மெக்சிகோ நாட்டின் வடகிழக்கில், நுவேவோ லியோன் மாநிலத்தில், மான்டெரே நகரிலிருந்து மோட்டாரில் ஏறத்தாழ ஒரு மணி நேரத் தொலைவில் இதால்கோ என்னும் சிற்றூர் உள்ளது. அதன் அருகே, வறண்ட நிலத்தின் நடுவில், சுண்ணாம்புக்கல் மலை ஒன்று பிளந்து நிற்கிறது. எல் பொத்ரேரோ சிக்கோ என்பது அவ்விடத்தின் பெயர். சிறிய தொழுவம் என்பது அதன் பொருள். தொல்பழங்காலக் கடலின் அடியில் படிந்த அடுக்குகள், நிலத்தின் அழுத்தத்தால் மடிந்து, செங்குத்தாக நிமிர்ந்து, இருபுறமும் சுவர்களாயின. சில இடங்களில் அவை 600 மீட்டர் உயரத்தை எட்டுகின்றன.

அச்சுவர்களில் ஏறுவதற்குப் பல நூறு வழிகள் வகுக்கப்பட்டுள்ளன. வழியை வகுத்தவர்கள் பாறையைத் துளைத்து, சில மீட்டருக்கு ஒன்றாகப் போல்ட்டுகளைப் பதித்திருக்கின்றனர். ஏறுபவர் தம் கைகால்களின் வலிமையால் மட்டுமே ஏறுகிறார். கயிற்றைப் போல்ட்டுகளில் கொக்கியால் மாட்டிச் செல்வது, தவறி விழுந்தால் தாங்குவதற்காகவே. 2021-இல் நடைபெற்ற தோக்கியோ ஒலிம்பிக்கில் முதன்முறையாக இடம்பெற்ற பாறையேற்ற விளையாட்டு இக்கலையிலிருந்து பிறந்ததே. கருநாடகத்தில் வாழும் நம் இளைஞர்கள் பாதாமியின் மணற்பாறைகளில் இதனைப் பயிலலாம். டில்லியில் வாழ்வோருக்கு இந்திய மலையேற்ற நிறுவனத்தின் செயற்கைச் சுவர் உண்டு. அந்நிறுவனம் அமைந்திருக்கும் சாலை, மெக்சிகோவின் குடியரசுத் தலைவராயிருந்த பெனிட்டோ ஹுவாரெஸின் பெயரைத் தாங்கி நிற்பது ஓர் இனிய பொருத்தம்.

பயிற்சி பெற்றவர்கள் அங்கே செல்ல விரும்பினால் எவ்வாறு திட்டமிடுவது? பெரும்பாலோர் எந்த வழியில் ஏறலாம் என்றே முதலில் பேசுவர். முதலில் கணக்கிட வேண்டியது இறங்கும் வழியே என்பது என் கருத்து.

காலத்தை எடுத்துக்கொள்வோம். நவம்பர் முதல் மார்ச் வரையே அங்கு ஏற்ற பருவம். கோடையில் வெயில் படும் பாறையைத் தொடவும் இயலாது. குளிர்காலத்திலும் நண்பகல் வெயில் கடுமையாக இருக்கும். வடகாற்று வீசினாலோ உடல் நடுங்கும். ஆகவே எந்தச் சுவரில் எப்பொழுது நிழல் விழும் என்பதை வழிகாட்டி நூலில் பார்த்துக்கொள்ளுதல் வேண்டும். மேலே நீர் கிடையாது. நாள் முழுதும் ஏறுபவர் ஆளுக்கு மூன்று லிட்டரேனும் சுமந்து செல்வது நலம்.

இனி, மணிக்கணக்கு. டிசம்பர் மாதத்தில் அங்கே பகற்பொழுது ஏறத்தாழ பத்தரை மணி நேரம். நீண்ட வழிகளைக் கயிற்றின் நீளத்திற்கேற்பப் பல பகுதிகளாகப் பிரித்து ஏறுவர். பதினைந்து பகுதிகள் உள்ள வழியில், பகுதிக்கு அரைமணி வீதம் ஏழரை மணி நேரம் ஆகும். உச்சியை அடைந்தாயிற்று என்று மகிழ்ந்தால் போதாது. வந்த வழியே கயிற்றில் இறங்க வேண்டும். பகுதிக்குக் கால்மணி வீதம் மேலும் மூன்றே முக்கால் மணி ஆகும். மொத்தம் பதினொன்றேகால் மணி நேரம். பகலோ பத்தரை மணிதான்! எனவே, முதற்பயணத்தில் ஐந்தாறு பகுதிகள் உள்ள வழியே போதும். எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதையும் தரையிலேயே முடிவு செய்துகொள்க. நெற்றியில் கட்டும் விளக்கும் தலைக்கவசமும் இன்றியமையாதவை. அங்கே பெயர்ந்து விழும் கற்கள் மிகுதி.

அடுத்தது கயிற்றுக் கணக்கு. இறங்கும்போது கயிற்றை மேலேயுள்ள வளையத்தில் கோத்து இரண்டாக மடிக்கின்றனர். இறங்கியபின் ஒருபக்கத்தை இழுத்துக் கயிற்றை மீட்டுக்கொள்ளலாம். எனவே 70 மீட்டர்க் கயிறு 35 மீட்டர் இறங்கவே பயன்படும். 60 மீட்டர்க் கயிற்றோடு சென்றவர், 35 மீட்டர் கீழேயுள்ள நிலைக்கு ஐந்து மீட்டர் முன்னதாகவே கயிற்றின் நுனியில் நிற்பார். அங்குள்ள பல வழிகளுக்கு 70 மீட்டருக்குக் குறைந்த கயிறு உதவாது. பாறை விளிம்புகள் கூரியவை. ஆனைக்கற்றாழையும் முட்செடிகளும் சுவரெங்கும் முளைத்திருக்கின்றன. எறிந்த கயிறு அவற்றில் சிக்கினால் நுனி எங்கே இருக்கிறது என்பதே தெரியாது.

அம்மலையில் எல் செந்தேரோ லூமினோசோ என்றொரு வழி உண்டு. பதினைந்து பகுதிகள் கொண்டது, மிகக் கடினமானது. 2014 ஜனவரியில் அலெக்ஸ் ஹானால்டு என்னும் அமெரிக்கர் கயிறே இல்லாமல் அதில் ஏறி முடித்தார். உலகம் வியந்தது. அதே வழியில், 2019 நவம்பர் 27 அன்று, பிராட் கோப்ரைட் என்னும் மற்றோர் அமெரிக்கர் உயிரிழந்தார். அவர் புதியவரல்லர், 2017-இல் எல் கேப்பிட்டன் மலையின் புகழ்பெற்ற வழியொன்றைத் தோழர் ஒருவருடன் அதுகாறும் எவரும் ஏறாத வேகத்தில் ஏறியவர். அன்று அவரும் உடன்வந்தவரும் 80 மீட்டர்க் கயிற்றின் இரு பக்கங்களிலும், ஒருவர் எடை மற்றவரைத் தாங்க, ஒரே நேரத்தில் இறங்கினர். கயிற்றின் நடு சரியாக அமையவில்லை. அவர் இருந்த பக்கம் குட்டையாயிருந்தது. அதன் நுனியில் முடிச்சு இல்லை. நுனி நழுவியது. உடன்வந்தவரும் விழுந்தார்; எனினும் பாறைத்திட்டு ஒன்றில் தங்கி உயிர்தப்பினார்.

நுனியில் ஒரு முடிச்சு இருந்திருந்தால் கயிறு அங்கேயே நின்றிருக்கும். அதைப் போட அரை நிமிடம் போதும். ஏறும்போது அச்சம் நம்மை விழிப்போடு வைக்கிறது. இறங்கும்போது களைப்பும் வெற்றியின் மகிழ்ச்சியும் சேர்ந்து அவ்விழிப்பைக் கெடுக்கின்றன. ஆகவே, களைத்த மனத்தை நம்பாமல், ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டியதை வழக்கமாக்கிக்கொள்ளுதல் வேண்டும். கயிற்றின் நடுவைக் குறியிட்டுவைத்தல், இருநுனியிலும் முடிச்சிடுதல், ஒருவர் செய்ததை மற்றவர் பார்த்துச் சொல்லுதல் ஆகிய மூன்றும் பயணத் திட்டத்தில் விமானச் சீட்டுக்கும் முன்னதாக எழுதப்பட வேண்டியவை. பாறையின் உச்சி பயணத்தின் பாதி வழியே. தரையில் கால் பதிந்த பின்னரே அப்பயணம் முடிகிறது.